நவம்பர் இருபதில் போட்ட கான்கிரீட்

ஊடினே,
24 மே 1976

அன்புள்ள எல்வியோ அண்ணனுக்கு,

உன் தந்தி கிடைத்தது. நாங்கள் இருவரும் உயிரோடு, முழுசாக இருக்கிறோம். நீயும் மிரெல்லா அண்ணியும் சுகம்தானா? ஆறாம் தேதி நிலநடுக்கத்தில் அப்பாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அலமாரி அவர் நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. எழுந்து வந்து, அதைச் சுவரோடு பிணைக்காத தச்சனைத் திட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். எழுபத்தெட்டு வயதிலும் குற்றம் எப்போதும் அடுத்தவனுடையதுதான்.

அலுவலகத்தில் வேலை குவிந்து கிடக்கிறது. சந்தோஷப்படுகிற வேலை இல்லை. மாகாணக் குழு ஒவ்வொரு கட்டடக்கலை அலுவலகத்திடமும் பட்டியல் கேட்கிறது. தொடங்கிய நாள்முதல் என்னென்ன கட்டினீர்கள், வரைந்தது யார், கணக்குப் போட்டது யார், எல்லாம் வேண்டுமாம். 1931இல் அப்பா ரொட்டிக்கடை மாடியில் இரண்டு அறை பிடித்து ‘ஸமரியான்’ என்று பலகை மாட்டியதிலிருந்து எண்ணிப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு. அதில் பால் கூட்டுறவுக் கூடங்கள் பத்தொன்பது, மணிக்கூண்டுகள் நான்கு, பள்ளிகள் ஏழு, மிச்சமெல்லாம் வீடுகள்.

இதில் அவசரமானது ஒன்று, கோல்ரோஸ்ஸோ மழலையர் பள்ளி. அந்த ஊரில் அறுபது வீடுகள் விழுந்துவிட்டன. பள்ளி மட்டும் விரிசலோடு நிற்கிறது. நாற்பத்து மூன்று குழந்தைகள் கூடாரத்தில் இருக்கின்றன. செப்டம்பர் ஆறாம் தேதி பள்ளியைத் திறந்தே ஆகவேண்டும் என்கிறார் மேயர். ‘வரைபடத்தில் உள்ளபடியே கட்டப்பட்டது’ என்று நான் எழுதி முத்திரை குத்தித் தர வேண்டும். 1963இல் நான் வெனிஸில் படித்துக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டதும் மேற்பார்வை பார்த்ததும் நீ. உள்ளபடிதானே கட்டினீர்கள்? ஒரு வரி எழுதினால் போதும்.

அப்பாவின் கண் இன்னும் மோசம். உன் கடிதங்களை வழக்கம்போல மதியச் சாப்பாட்டின்போது வாசித்துக் காட்டுகிறேன்.

உன் தங்கை,
நோவெல்லா

டூரின்,
3 ஜூன் 1976

பிரியமுள்ள நோவெல்லாவுக்கு,

நீங்கள் நலமாக இருப்பதைப் படித்ததும்தான் எனக்குச் சோறு இறங்கியது. நாங்கள் சுகம். இங்கே விடாத மழை. அப்பாவின் முழங்கால் வலி எப்படி? மாடிப்படியில் கைப்பிடி போடச் சொல்லி எத்தனை தடவை எழுதினேன்!

பட்டியலுக்கு எனக்கு நினைவில் இருப்பதைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். மணிக்கூண்டுகளில் வடக்கே இருப்பதன் அடித்தளத்தை நாங்கள் அகலப்படுத்தினோம், அதை மறக்காமல் எழுது. 1958இல் கட்டிய பால் கூட்டுறவில் உள்சுவர் ஓடு பச்சை நிறம். வெள்ளை என்று பதிவாகியிருந்தால் திருத்திவிடு.

கோல்ரோஸ்ஸோ பழைய விஷயம். சட்டென்று ஞாபகம் வரவில்லை. மேயர்கள் எப்போதும் அவசரப்படுவார்கள். நீ நிதானமாகச் செய்.

அப்பாவுக்கு என் வணக்கங்கள்.

எல்வியோ

ஊடினே,
10 ஜூன் 1976

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். அப்பாவின் முழங்காலும் சுகம், தினமும் காலை பத்து மணிக்குத் தபால்பெட்டி வரை தானே இறங்கிப் போகிறார்.

பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய ஓட்டின் நிறம் உனக்கு ஞாபகம் இருக்கிறது. நீயே கணக்குப் போட்ட பள்ளி ஞாபகம் இல்லை. நான் சந்தேகப்பிராணி என்று நீ சின்ன வயதிலிருந்தே சொல்வாய். சொல்லிக்கொள்.

கோல்ரோஸ்ஸோவின் சைட் டைரியை எடுத்துப் பார்த்தேன். சுவர்களின் தலையில் நான்கு பக்கமும் சுற்றிவரும் கான்கிரீட் பெல்ட்டை நீ அழகாக வரைந்திருக்கிறாய். சுவர்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடிப்பது அதுதான். டைரியில் ‘நவம்பர் 20, பெல்ட் முடிந்தது’ என்று இருக்கிறது. எழுத்து யாருடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பா பழக்கிவிட்ட அச்செழுத்தில்தானே நாம் எல்லோரும் எழுதுகிறோம். கீழே இருக்கும் கையெழுத்து உன்னுடையது.

போன வாரம் பங்குத்தந்தை இடிபாட்டிலிருந்து மீட்ட படங்களைக் காட்டினார். அந்தப் பள்ளியின் லிக்கோஃப் விருந்தும் அதில் இருந்தது. கூரை ஏறி, உச்சியில் பச்சைக் கிளை கட்டி, கொத்தனார்களுக்கு நம் ஊரில் போடும் விருந்து பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நடுவில் மறைமாவட்ட ஆயர், பக்கத்தில் கையில் கோப்பையோடு அப்பா. ஓரத்தில் கோப்பை இல்லாமல் நீ நிற்கிறாய். பின்னால் தேதி எழுதியிருக்கிறது: புனித மார்ட்டின் திருநாள், நவம்பர் 11.

பதினொன்றாம் தேதி கிளை கட்டியாகிவிட்டது. கூரைக்கு அடியில் போக வேண்டிய பெல்ட்டை இருபதாம் தேதி எப்படிப் போட்டீர்கள்?

இதைப் பற்றி அப்பாவிடம் பேசவில்லை. உன் பதிலைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று இருக்கிறேன்.

நோவெல்லா

ஊடினே,
12 ஜூலை 1976

எல்வியோவுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உடம்பு சரியில்லை என்றால் அண்ணி எழுதியிருப்பார். ஒரு மாதம் ஆயிற்று, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

சனிக்கிழமை கோல்ரோஸ்ஸோ போனேன். அந்தப் பள்ளிக்குச் சுவர் எழுப்பிய மேஸ்திரி பியெரி கூடார வாசலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். வீடு போய்விட்டது, வாய் போகவில்லை. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகாததற்கு நம் அலுவலகத்துச் சுவர்களைக் குறை சொன்னார். லிக்கோஃப் முடிந்த பிறகு பெல்ட் போட்டதுண்டா என்று பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். சிரித்துவிட்டார்.

“கிளை கட்டின கூரையப் பிரிச்சுட்டு எவனாவது கான்கிரீட் போடுவானா? படிச்ச புள்ள கேக்குற கேள்வியா இது?”

எந்தப் பள்ளி என்று சொன்னேன். சிரிப்பு நின்றது. கத்தியைத் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

“உங்க அண்ணனக் கேளு. இல்லன்னா உங்க அப்பாவக் கேளு. எங்கிட்ட உருளைக்கிழங்கு பத்திக் கேளும்மா.”

அண்ணனைத்தான் கேட்கிறேன், பதில் இல்லை. நீ 1964இல் திடீரென்று ஊரைவிட்டுப் போனதற்கு அண்ணிக்கு நகரவாசம் பிடிக்கும் என்று காரணம் சொன்னாய். இப்போது அதையும் நான் நம்பவில்லை. நீ செய்த காரியத்தை என் தலையில் கட்டிவிட்டு ஓடிப்போனாயா? ஆகஸ்ட் கடைசிக்குள் நான் முத்திரை குத்த வேண்டும்.

நோவெல்லா

டூரின்,
19 ஜூலை 1976

பிரியமுள்ள நோவெல்லாவுக்கு,

எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. இங்கே வெயில் தாங்கவில்லை. அப்பா மத்தியானத்தில் வெளியே போகாமல் பார்த்துக்கொள்.

ஜூலை முதல் தேதி மிரெல்லா உனக்குப் பாதாமிப்பழ ஜாம் செய்முறை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினாளே, கிடைக்கவில்லையா? அதைப் படிக்காமல் அடுப்பைப் பற்றவைக்காதே. கிடைக்காவிட்டால் வேறு எந்த முகவரிக்கு அனுப்பலாம் என்று எழுது.

அப்பாவுக்கு வணக்கங்கள்.

எல்வியோ

ஊடினே,
26 ஜூலை 1976

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் சத்தமாக வாசித்தேன். ஜாம் பற்றிய வரி வந்ததும் எனக்கு நாக்கு தடுக்கியது. ஜாம் செய்முறையை யார் பதிவுத் தபாலில் அனுப்புவார்கள்? அப்பா தலை நிமிரவே இல்லை. சோளமாவுப் பொலெந்தாவைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தார்.

முதலில் நீ பொய் சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன். பதில் எழுதாமலே எழுதினேன் என்கிறாய், தபால்மீது பழி போடுகிறாய் என்று. மறுநாள் தெருமுனையில் தபால்கார உகோவை நிறுத்தினேன். “அஞ்சாந்தேதியே குடுத்துட்டேனே. பெரியவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டார்” என்றார். நோட்டைத் திறந்து காட்டினார். அப்பாவின் கையெழுத்துத்தான்.

அந்த ஐந்தாம் தேதி மதியம்தான் அவர் பூதக்கண்ணாடி கேட்டார். பத்திரிகை படிக்க என்று எடுத்துக் கொடுத்தேன்.

போன் செய்யாதே. அது அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது, முதலில் அவர்தான் எடுப்பார். மருந்துக்கடை ரொமில்டா என் சிநேகிதி, வாய் திறக்க மாட்டாள். அவள் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன்.

ஒரே வீட்டில் அப்பாவோடு சாப்பிட்டுக்கொண்டு இப்படி ஒளித்து எழுதுவது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. பதில் உடனே வேண்டும்.

நோவெல்லா

டூரின்,
4 ஆகஸ்ட் 1976

நோவெல்லாவுக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். நான் சுகம் என்று எழுதினால் பொய். தூக்கம் போய்விட்டது.

பெல்ட் போடவில்லை.

அந்த வருஷம் அக்டோபர் கடைசியில் மழை பிடித்தது. பாதை சரிந்து சிமெண்ட் லாரி வரவில்லை. ஆயர் வரும் நாளை முன்பே குறித்துவிட்டார்கள். மிரெல்லாவின் அப்பா படுத்த படுக்கையாக இருந்ததால் நான் மூன்று வாரம் பாதுவாவில் இருந்தேன். பதினொன்றாம் தேதி பஸ்ஸிலிருந்து இறங்கி நிமிர்ந்து பார்த்தால் உச்சியில் கிளை. அப்பாவை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“ஆயர் வந்து காத்துக்கிட்டு இருப்பாராடா? நம்ம ஊரு கல்லுச் சுவரு முந்நூறு வருஷம் பெல்ட் இல்லாமத்தான் நின்னுது.”

சிமெண்ட் பதினெட்டாம் தேதி வந்தது. ரசீதில் தேதி இருந்ததால் அதற்கு முன்னால் பெல்ட் போட்டதாக எழுத முடியாது. அப்பா இருபது என்று எழுதினார். விருந்துத் தேதி ஊருக்கே தெரியும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. காகிதம் காகிதத்தோடு ஒத்துப்போனால் போதும் என்று நினைத்தார். அந்தச் சிமெண்ட்டை முற்றத்துக்குப் போட்டார்கள்.

எழுதியது அவர். கையெழுத்துப் போட்டது நான். என் கையை யாரும் பிடித்து இழுக்கவில்லை. “ஒரு கையெழுத்துத்தானே, போட்டுட்டுப் போ” என்றார், போட்டேன். அடுத்த வசந்தத்தில் இங்கே வந்துவிட்டேன். பாவம் மிரெல்லா, பன்னிரண்டு வருஷமாக அந்தப் பழியைச் சுமக்கிறாள். அவளுக்கு டூரின் கொஞ்சமும் பிடிக்காது.

உன் முதல் கடிதத்துக்கே ஏன் உண்மையை எழுதவில்லை என்று கேட்பாய். அப்பா கேட்டுக்கொண்டிருப்பார் என்பது பாதிதான். மீதி பயம். உரிமம் போனால் நாற்பத்தோரு வயதில் நான் எங்கே போவேன்?

நீ கையெழுத்துப் போடாதே. ஆனால் விரிசலைக் காரணமாகக் காட்டி மறுத்துவிட முடியாதா? யோசித்துப் பார்.

எல்வியோ

ஊடினே,
21 ஆகஸ்ட் 1976

எல்வியோவுக்கு,

நலம் விசாரிக்க இன்று எனக்கு மனமில்லை. அண்ணியை மட்டும் விசாரித்ததாகச் சொல். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

விரிசலைக் காட்டித் தப்பிக்க முடியாது. மேயர் ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து பார்த்துவிட்டார். வெறும் பூச்சு விரிசல்தான் என்று அவர் சொல்லிவிட்டார். பூச்சுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று நம் டைரியைப் பார்த்துத்தான் அவரும் நம்புகிறார். நான் தராவிட்டால் வேறு அலுவலகம் டைரியை வைத்துக்கொண்டே முத்திரை குத்தித் தரத் தயாராக இருக்கிறது. ஆக, டைரி பொய் என்று யாராவது சொன்னால்தான் அந்தக் கதவு திறக்காது. உள்ளே இரண்டு வரிசையாகக் கட்டில் போட்டுவிட்டார்கள். எண்ணிப் பார்த்தேன், நாற்பத்து மூன்று.

நேற்றுச் சாப்பாட்டில் நேராகவே கேட்டேன்.

“அப்பா, டூரின்லேர்ந்து வந்த பதிவுத் தபால் எங்க?”

சூப்பை ஊதிக்கொண்டே இருந்தார். “எந்தத் தபால்?”

“நீங்க கையெழுத்துப் போட்டு வாங்கினது.”

“நான் ஆயிரம் எடத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. முப்பத்து மூன்று வருஷத்தில் முதல் தடவை.

உன் பெயரைச் சொல்லாமல் என்னால் உண்மையை எழுத முடியாது. அனுமதி தருகிறாயா என்று கேட்கவில்லை, எழுதப்போகிறேன் என்று சொல்கிறேன். நீயாக முன்வந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

இன்னொன்று. பட்டியலில் ஏழு பள்ளிகள் இருக்கின்றன. இது ஒன்றுதானா, வேறு ஏதாவது உண்டா? மறைக்காமல் சொல்.

நோவெல்லா

ஊடினே,
29 ஆகஸ்ட் 1976

மகன் எல்வியோவுக்கு அப்பா எழுதுவது,

நான் சௌக்கியம். கண் தெரியாமல் எழுதுகிறேன், எழுத்துப் பெரிதாக இருக்கும்.

உன் தங்கை துருவுகிறாள். அவளுக்குக் கட்டடம் தெரியும், உலகம் தெரியாது. அந்தப் பள்ளி மே மாதத்தில் விழவில்லை. ஊரே விழுந்தபோது நின்றது. அதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்? நாற்பத்தைந்து வருஷம் நான் கட்டிய பெயர், வாசல் பலகையில் இருக்கிறது. உன் பெயரும் அதுதான். நாம் செய்தவற்றில் என் கை எவ்வளவோ உன் கையும் அவ்வளவு. நினைவிருக்கட்டும்.

அவளைக் கையெழுத்துப் போடச் சொல். நீ சொன்னால் கேட்பாள். மிரெல்லாவுக்கு என் ஆசிகள்.

ஓத்தோனே ஸமரியான்

டூரின்,
3 செப்டம்பர் 1976

பிரியமுள்ள நோவெல்லாவுக்கு,

நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று மிரெல்லா கேட்கிறாள். மன்னிப்பெல்லாம் வேண்டாமாம், ஒருமுறை வந்துபோனால் போதுமாம்.

எழுது. என் பெயரோடு எழுது. நானும் மாகாணக் குழுவுக்கும் மேயருக்கும் இன்று காலை பதிவுத் தபால் அனுப்பிவிட்டேன். கோல்ரோஸ்ஸோ பள்ளியில் பெல்ட் இல்லை, டைரியில் இருப்பது பொய், கையெழுத்து என்னுடையது என்று எழுதியிருக்கிறேன். நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் வேலை செய்யும் பாலம் கட்டும் அலுவலகத்தில் என் மேலதிகாரியிடமும் சொல்லிவிட்டேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

அப்பா எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அதற்கு நான் பதில் போடவில்லை. நீ அவரிடம் கோபமாகப் பேசாதே. அவர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள். குளிர்காலம் வருவதற்குள் மாடிப்படிக் கைப்பிடியைப் போட்டுவிடு. நல்ல ஓக் மரமாகப் பார்த்து வாங்கு.

இத்தனை வருஷம் கழித்து நேற்று ராத்திரிதான் நன்றாகத் தூங்கினேன்.

எல்வியோ

ஊடினே,
18 செப்டம்பர் 1976

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் அப்பாவும் பிழைத்தோம். நீங்கள் அங்கே கலங்க வேண்டாம்.

ஆறாம் தேதி பள்ளி திறக்கவில்லை. மேயர் அலுவலகத்துக்கே வந்து, எல்லோர் முன்னாலும் என்னைக் கிறுக்கி என்றார். மழை பிடித்துக்கொண்டது. கோல்ரோஸ்ஸோ போனால் தாய்மார்கள் சூழ்ந்துகொண்டார்கள். “உள்ள கட்டில் காஞ்சு கெடக்கு, எங்க புள்ளைங்க சேத்துல கெடக்குது. ஒங்க வீட்டுப் புள்ளையா இருந்தா இப்படி விடுவீங்களா?” என்று ஒருத்தி கேட்டாள். ஊருக்கு வெளியே வந்து காரை நிறுத்தி அழுதேன்.

பதினைந்தாம் தேதி காலை பதினொன்று இருபத்தொன்றுக்கு மறுபடி நடுங்கியது. குழந்தைகளுக்குக் கூடாரத்தில் சூப் ஊற்றிக்கொண்டிருந்த நேரம். சூப் கொட்டியது, இரண்டு பேருக்குக் கையில் சூடு பட்டது, அவ்வளவுதான். பள்ளியின் சுவர்கள் நாலாபுறமும் விலகின, கூரை அப்படியே கட்டில்கள்மேல் உட்கார்ந்தது. நான் போய்ப் பார்த்தேன். சுவர்களின் தலையில் வெறும் கல்லும் சுண்ணாம்பும். ஒரு கம்பிகூட இல்லை. பியெரி பக்கத்தில் நின்று தொப்பியைக் கழற்றிக்கொண்டார். மேயர் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோலப் போனார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டார். “கட்டில்ல யாரும் இல்லையே?” என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிட்டார்.

இது நடந்து மூன்று நாள் ஆகிறது. இனி மலையில் யாரும் இருக்க முடியாது. ஊர் ஊராகப் பஸ்ஸில் ஏற்றிச் சமவெளிக்கும் கடற்கரைக்கும் அனுப்புகிறார்கள். கோல்ரோஸ்ஸோக்காரர்களுக்குச் சமவெளியில் பொன்தாசோ ஊரை ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே எந்தச் சேதமும் இல்லை. அக்டோபர் முதல் தேதி அந்த ஊர்ப் பள்ளி திறக்கும்போது மழலைகளுக்கும் அதே கட்டடத்தில் இரண்டு அறை தருகிறார்களாம். இதை இன்று மதியம் நல்ல செய்தி என்று நினைத்துத்தான் அப்பாவிடம் சொன்னேன்.

கரண்டியைக் கீழே வைத்தார்.

“எங்க?”

“பொன்தாசோ. நம்ம கட்டின பள்ளிக்கூடம்தான்ப்பா. அறுபத்தொண்ணுல.”

மேஜைத்துணியின் சுருக்கத்தை விரலால் நீவினார்.

“அங்க வேண்டாம்.”

“ஏன்ப்பா?”

“வேண்டாம்னா வேண்டாம்மா.”

எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் 1961ஆம் வருஷத்து டைரியை எடுத்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. முதலில் சிமெண்ட் ரசீது, பிறகு பெல்ட், பிறகு லிக்கோஃப். ஒரு தேதிகூடப் பிசகவில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே உன் கையெழுத்து. அப்படியிருந்தும் அப்பா அங்கே வேண்டாம் என்கிறார்.

ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதி மற்ற பள்ளிகளைப் பற்றி உன்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். நீ சர்க்கரையைப் பற்றி எழுதினாய், ஓக் மரக் கைப்பிடியைப் பற்றி எழுதினாய். அதற்கு மட்டும் பதில் எழுதவில்லை. நீ அவ்வளவு துணிச்சலாகப் பெயரைக் கொடுத்த சந்தோஷத்தில் எனக்கும் அது உறைக்கவில்லை.

முதல் தேதிக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. அந்த நாற்பத்து மூன்று பேரும் அங்கேதான் போகிறார்கள், அவர்களோடு பொன்தாசோவின் இருநூறு பிள்ளைகளும். இதற்குப் பதில் கடிதம் எழுதாதே. ரயில் ஏறி வா. வந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்.

நோவெல்லா